நடுக்கதவுப் பூட்டு

அந்தக் கதறல் நடுக்கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

ஆறுமுகத்தாய் ரூம் மூலையில் தண்ணீர் புழங்கும் மோரியில் குந்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு, யாரோ தொண்டையைப் பிடித்து நெரிப்பது போல ஒரு நீண்ட குரல். பாத்திரம் கை நழுவி அரிசி மோரியில் சிதறியது. அது சொக்கியின் குரல்.

காலையிலிருந்தே பூனையைக் காணவில்லை. நிறைவயிறு. துணிக்கூடைக்குள், கட்டிலுக்கு அடியில், மாடிப் பரணில் எல்லாம் தேடியாகிவிட்டது. இரண்டு ரூம்களுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு முழம் இடைவெளி உண்டு. அதன் வழியாகத் தாண்டி, போகக் கூடாத வீட்டுக்குப் போயிருக்கிறது.

நடுக்கதவில் ஆறு வருடமாகப் பூட்டு தொங்குகிறது. கதவுக்கு இந்தப் பக்கம் ஆறுமுகத்தாய் தனியாக இருக்கிறாள். அந்தப் பக்கம் அவளுடைய கொழுந்தன் ராஜபாண்டியும் அவன் மனைவி பிரேமலதாவும். அவர்கள் வாசல் பின்பக்கச் சந்தில், வேறு கல்லியில் திறக்கிறது. தாராவியில் ஒரே கூரைக்குக் கீழே, அடுத்தவர் இருமினால் கேட்கிற தூரத்தில், ஆறு வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் வாழ்ந்தார்கள்.

கதவுக்கு அந்தப் பக்கம் நிழல் ஆடியது. பிறகு பிரேமலதாவின் குரல், உறவுமுறை எதுவும் சொல்லாமல்.

"உங்க பூனை எங்க பீரோவுக்கு அடியில கெடந்து சாவுது."

ஆறுமுகத்தாய் ஈரக்கையோடு கதவில் காதை வைத்தாள். "எவ்வளவு நேரமா?"

"ரெண்டு மணி நேரமா முக்குது. ஒரு கால் வெளிய தொங்குது. குட்டி வரல."

ஆறுமுகத்தாய் பதறிப் பூட்டைப் பிடித்து உலுக்கினாள். ஊரில் அவளை இப்படிப் பார்த்தவர் யாரும் இல்லை. பத்தொன்பது வயதில் கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். ஆண்டாப் ஹில் பஸ்ஸில் இடுப்பைக் கிள்ளியவனின் முன்பல்லை டிபன் பாக்ஸால் உடைத்தவள். இருபத்திரண்டு வருடமாகக் கோழிக்கடையில் கத்தி பிடிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இருநூறு கோழி. கழுத்தை முறுக்கி, அறுத்து, டிரம்முக்குள் போட்டுவிட்டு, அது உள்ளே அடித்துக்கொள்ளும் சத்தம் அடங்குவதற்குள் அடுத்ததைப் பிடித்துவிடுவாள். கல்லியில் அவளுக்குக் கத்தி ஆறுமுகம் என்றுதான் பெயர். சிராவண மாதம் வந்தால் மராத்திக்காரர்கள் கோழி தின்பதில்லை. அதனால்தான் இன்று மத்தியானம் வீட்டில் இருக்கிறாள்.

அப்படிப்பட்டவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது சொக்கி ஒன்றுதான். கணவன் சுடலைக்கண்ணன் தோள் உடைந்து படுக்கையில் கிடந்த கடைசி வருடத்தில், பிளாஸ்டிக் குப்பையிலிருந்து கண் திறக்காத குட்டியாகப் பொறுக்கி வந்தது. அவன் நெஞ்சின் மேலேயே வளர்ந்தது. அவன் மூச்சு நின்ற காலையிலும் அது அந்த நெஞ்சை விட்டு இறங்கவில்லை. அவள்தான் நகத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கணவனின் உடம்புச் சூடு கடைசியாகத் தங்கிய உயிர் அது. அதுவும் போய்விட்டால் இந்த ரூமுக்குள் அவளைக் கூப்பிட்டுக் கத்த எதுவும் இல்லை.

செம்பூரில் மிருக டாக்டரிடம் வேலை பார்க்கும் உமைராவுக்குப் போன் போட்டாள். பக்கத்துக் கல்லிப் பெண். தெருப் பூனைக்கெல்லாம் சோறு வைப்பவள்.

"அத்தை, இங்க கொண்டு வரவே முடியாது. கிங்ஸ் சர்க்கிள்ல இடுப்பளவு தண்ணி. டிரெயின் நின்னுடுச்சு, நானே மாட்டிக்கிட்டு இருக்கேன். கால் வெளிய வந்து ரெண்டு மணி நேரம்னா குட்டி குறுக்க மாட்டியிருக்கு. இனிமே காத்திருந்தா தாயும் போயிடும். கையாலதான் எடுக்கணும். ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் எடுக்க. அங்க வேற யாரு இருக்கா?"

ஆறுமுகத்தாய் நடுக்கதவைப் பார்த்தாள்.

"இருக்கா ஒருத்தி."

கதவுக்கு அப்பால் பிரேமலதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவள் சொன்னாள்: "பூட்டத் திறங்க. இது மட்டுமில்ல, வீட்டுல உள்ள எல்லாப் பூட்டையும் திறங்க. நானும் திறக்கேன். இந்தத் தடவையாவது ஒண்ணு விடாம திறங்க."

அந்த 'ஒண்ணு விடாம' கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது.

அவர்கள் ஜனத்தில் அது ஒரு வழக்கம். பிள்ளைவலி கண்டவளுக்குப் பிள்ளை இறங்காமல் நின்றுவிட்டால் வீட்டில் எதுவும் மூடியிருக்கக் கூடாது. பூட்டைத் திறப்பார்கள், பெட்டியைத் திறப்பார்கள், பானை மூடியை எடுப்பார்கள், கொண்டையை அவிழ்ப்பார்கள். நஞ்சுக்கொடி விழும்வரை எதையும் மறுபடி பூட்ட மாட்டார்கள். ஆறு வருடத்துக்கு முன் பிரேமலதா ஆஸ்பத்திரியில் பதினாறு மணி நேரம் வலியில் கிடந்தபோது, ஆறுமுகத்தாய்தான் இந்த வீட்டின் பூட்டுகளைத் திறந்தாள். பதினோரு பூட்டு. ஒரு தகரப்பெட்டியை மட்டும் திறக்க முடியவில்லை. சாவி சுடலைக்கண்ணனின் சட்டைப்பையில், அவன் தோல் பட்டறையில். போன் எடுக்கவில்லை.

பிள்ளை செத்துப் பிறந்தது.

பதினாறாம் நாள் யாரோ பேச்சுவாக்கில் அந்தப் பெட்டியைச் சொல்லிவிட்டார்கள். ராஜபாண்டி இரும்புக் கம்பியோடு நடுக்கதவைத் தாண்டி வந்தான். முதல் அடி தகரப்பெட்டிக்கு. அது வாய் பிளந்தது. உள்ளே பழைய ரேஷன் கார்டும் நான்கு செருப்பு வாரும் இருந்தன. அதைப் பார்த்ததும் அவனுக்கு வெறி ஏறிவிட்டது. "எம்புள்ளைய இதுக்குள்ளதான பூட்டி வச்சிருந்திய" என்று கத்திக்கொண்டே அண்ணனின் தோளை உடைத்தான். ஒரு முறை அல்ல, நான்கு முறை. ஐந்தாவது முறை கம்பி உயர்ந்தபோது ஆறுமுகத்தாய் கோழிக்கத்தியை எடுத்தாள். ராஜபாண்டியின் இடது கையில் இரண்டு விரல்கள் நடுக்கதவு வாசற்படியில் விழுந்தன.

போலீஸ், சங்கம், சமாதானம் எல்லாம் நடந்தது. விரலும் வரவில்லை, தோளும் சேரவில்லை. தோள் எலும்பில் சீழ் வைத்து ஒன்றரை வருடத்தில் சுடலைக்கண்ணன் செத்தான். விரல் விழுந்த அன்றே ஆறுமுகத்தாய் நடுக்கதவில் பூட்டு போட்டுச் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

இப்போது அந்த முடிச்சை அவிழ்த்தாள். சாவி திரும்பவில்லை. துருப்பிடித்த துவாரத்தில் தேங்காயெண்ணெய் விட்டு, பல்லைக் கடித்து, கை நரம்பு புடைக்கத் திருப்பினாள். கொக்கி விட்டது. பிறகு பைத்தியம் பிடித்தவள் போல ஓடினாள். பீரோ, சூட்கேஸ், மாவு டப்பா, சாமிப் படத்தின் கண்ணாடிக் கதவு, வாசல் தாழ்ப்பாள், தன் கொண்டை. வலி கண்ட இடத்தில் இரும்பு இருக்க வேண்டும் என்பதும் வழக்கம்தான். கைக்குக் கிடைத்த இரும்பை எடுத்துக்கொண்டாள். அது அதே கோழிக்கத்தி.

பிரேமலதா தன் பக்கத் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு பிடிவாதமாக முனகித் திறந்தது. இரண்டு பெண்களும் தலைவிரிகோலமாக நின்றார்கள். பிரேமலதாவின் கண் கத்தியின் மேல் விழுந்தது. ஒதுங்கி வழி விட்டாள்.

பீரோவுக்கு அடியில் மடித்த பழஞ்சேலையின் மேல் சொக்கி கிடந்தது. பக்கத்தில் ஒரு சிறிய சில்வர் கிண்ணம், அதில் காய்ந்த மீன்தலை. சேலை பல நாளாக மடங்கிக் கிடந்ததில் மடிப்பெல்லாம் பூனைமுடி. ஆறுமுகத்தாய்க்குப் புரிந்துவிட்டது. இந்த வீட்டுக்குப் பூனை இன்றுதான் முதல்முறை வந்ததல்ல. அதைப் பேச நேரம் இல்லை.

சொக்கியின் வாலுக்குக் கீழே ஒரு சின்னப் பின்னங்கால், நீலம் பாய்ந்து, நனைந்த நூல் போலத் தொங்கியது. வலி வந்தபோது உடம்பு முழுவதும் வில்லாக வளைந்தது. பீரோவின் தகரத்தை நகத்தால் கீறியது. வலி நின்றதும் வாயைத் திறந்து நாய் போல மூச்சிரைத்தது.

போன் ஸ்பீக்கரில் தரையில் கிடந்தது. உமைராவின் குரல் அதிலிருந்து வந்தது. "எண்ணெய் நிறையத் தடவுங்க. தொங்குற காலைப் பிடிச்சு இழுக்கவே கூடாது, பிஞ்சு வந்துடும். விரலை உள்ள விட்டு இன்னொரு காலைத் தேடுங்க, ரெண்டும் வந்தப்புறம் துணியால இடுப்பைப் பிடிங்க. வலி வரும்போது மட்டும், கீழ்ப்பக்கமா, தாயோட வயித்துப் பக்கமா. வலி நின்னா நீங்களும் நிக்கணும்."

ஆறுமுகத்தாய் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். "என்னால ஆவாது. என் கைக்கு ஒரே இழுப்புதான் தெரியும். நான் இழுத்தா குடலோட வரும்."

பிரேமலதா கண்ணாடி வளையல்களைக் கழற்றினாள். பகல் முழுவதும் துணியில் ஜரிகைப்பூ தைக்கிற விரல்கள். ஊசியை விட மெல்லியவை. எண்ணெய்க் கிண்ணத்தில் முக்கினாள். "தலைமாட்டைப் பிடிங்க" என்றாள்.

ஆறுமுகத்தாய் தரையில் குப்புறக் கவிழ்ந்து, பூனையின் பிடரியை ஒரு கையாலும் முன்னங்கால்களை மறு கையாலும் பிடித்தாள். பிரேமலதாவின் விரல் உள்ளே போனது. சொக்கி அலறித் திரும்பி, ஐந்து வருடமாகச் சோறு போட்ட கையின் பெருவிரல் மேட்டில் பல்லை இறக்கியது. பல் எலும்பில் உரசியது. ரத்தம் பூனையின் மீசையில் வழிந்தது. ஆறுமுகத்தாய் கையை எடுக்கவில்லை.

"கடிளா. நல்லாக் கடி" என்றாள்.

"இன்னொரு கால் கிடைச்சிட்டு" என்றாள் பிரேமலதா. அவள் நெற்றி வியர்வை பூனையின் மேல் சொட்டியது. இரண்டு கால்களும் வெளியே வந்தன. அடுத்த வலிக்கு இடுப்பு வந்தது. அதற்கடுத்த வலிக்கு நெஞ்சு. தலை மாட்டிக்கொண்டது.

அப்போதுதான் வாசல் கதவு சுவரில் மோதித் திறந்தது.

வழக்கப்படி அந்தக் கதவையும் பிரேமலதா திறந்தே போட்டிருந்தாள். எந்த நாளும் உள்தாழ்ப்பாள் போட்டிருக்கும் வாசல். தட்டாமல், முன்னறிவிப்பு இல்லாமல், கையில் நீளக் குடையோடு, சொட்டச் சொட்ட நனைந்து ராஜபாண்டி உள்ளே நின்றான். குடோனில் வெள்ளம் புகுந்து லோடிங் வேலை பாதியில் நின்றுவிட்டது. அவன் கண்டது இதைத்தான்: திறந்து கிடக்கும் நடுக்கதவு, தரையில் ரத்தம், தன் விரலை எடுத்த கத்தி, அதன் பக்கத்தில் தலைமயிர் விரிந்து கவிழ்ந்து கிடக்கும் அவள்.

"ஏ மூதி, யார்ட்ட கேட்டு இவள உள்ள விட்ட?" என்று மனைவியைக் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆறுமுகத்தாயிடம் திரும்பினான். "மிச்சம் மூணையும் அறுக்க வந்தியோ?"

குடையின் இரும்புத் தண்டு அவள் முதுகில் இறங்கியது.

ஆறுமுகத்தாய்க்கு மூச்சு நின்று வந்தது. இரண்டாவது அடி தோளில், சுடலைக்கண்ணனுக்கு உடைந்த அதே பக்கத்தில். மூன்றாவது அடியில் ரவிக்கை கிழிந்தது. அவன் காலால் விலாவில் உதைத்தான். அவள் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. பிடரியைப் பிடித்த கை மட்டும் சரியவில்லை.

பிரேமலதா தலையைத் தூக்கவே இல்லை. அவள் குரல் மட்டும் வந்தது, ஊசியில் நூல் கோர்க்கிறவள் குரல் போல.

"தலை உள்ள மாட்டிக்கிட்டு கெடக்கு. முதுகுல அடிக்கிறதுன்னா அடிங்க. கையில அடிச்சிராதிய. அக்கா கைய விட்டா பூனை திரும்பிரும், குட்டி கழுத்து முறிஞ்சிரும்."

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அக்கா என்ற சொல் விழுந்தது. அடியும் விழுந்தது.

கத்தி ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஆறுமுகத்தாயின் கண் அதைப் பார்த்தது. அவள் ஆயுளில் வாங்கிய எந்த அடியையும் திருப்பிக் கொடுக்காமல் விட்டதில்லை. இப்போது ஒரு கையைக் கொஞ்சம் நீட்டினால் போதும். அவன் கணுக்கால் நரம்பு கண்ணுக்கு நேரே இருந்தது. கோழிக்கு அந்த இடம் எங்கே என்று தெரிந்தவளுக்கு மனுஷனுக்குத் தெரியாதா. கை துடித்தது. கைக்குள் சொக்கியின் நெஞ்சும் துடித்தது. ஐந்து வருடத்துக்கு முன் கணவன் நெஞ்சின் மேல் கேட்டுப் பழகிய துடிப்பு.

அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் பூனையைப் பிடித்தாள்.

"வலி வருது" என்றாள் பிரேமலதா. "அக்கா, பிடிச்சுக்கிடுங்க."

குடை மறுபடி இறங்கி, தண்டு வளைந்து, கம்பி ஒன்று தெறித்து ஆறுமுகத்தாயின் காதைக் கிழித்தது. சொக்கி மனிதக் குரலில் ஒரு சத்தம் போட்டது. பிரேமலதாவின் கைத்துணிக்குள் குட்டி வழுக்கி வந்து விழுந்தது.

குட்டி அசையவில்லை. மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

பிரேமலதா குட்டியின் முகத்திலிருந்த சவ்வைக் கிழித்தாள். வாயைத் துடைத்தாள். தலைகீழாகச் சாய்த்து, துணியால் முதுகைத் தேய்த்தாள். உமைரா சொல்லச் சொல்லத் தேய்த்தாள், சொல்லி நிறுத்திய பிறகும் தேய்த்தாள். ஈரம் காய்ந்து முடி சிலிர்த்துக்கொண்டது. குட்டி அவள் உள்ளங்கையில் வாயைப் பாதி திறந்தபடி கிடந்தது.

ராஜபாண்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் பச்சைத் துணியில் சுற்றி அவனிடம் நீட்டிய பிள்ளையும் இப்படித்தான் வாயைப் பாதி திறந்திருந்தது. அதைக் கையில் வாங்காமல் திரும்பி வந்தவன் அவன்.

"விடு பிரேமா" என்றான். "போதும், விடு."

அவள் நிறுத்தவில்லை. அவன் குனிந்து, மூன்று விரல் கையால் அவள் கையிலிருந்து குட்டியை எடுத்தான். அப்படியே வாசலைத் தாண்டி மழைக்குள் போய்விட்டான்.

அரை மணி நேரத்தில் இரண்டாவது குட்டி தானாகவே வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, பிறக்கும்போதே கத்திக்கொண்டு. சொக்கி தலையைத் தூக்க முடியாமல் தூக்கி அதை நக்கியது. இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"ரெண்டு குட்டிக்கு ரெண்டு நஞ்சு விழணும் அத்தை" என்றாள் உமைரா. "ஒண்ணுதான வந்திருக்கு? இன்னொண்ணு நாளைக்குக் காலம்பறக்குள்ள விழலைன்னா தண்ணி வடிஞ்சதும் தூக்கிட்டு வந்துடுங்க. உங்க கைக்கும் ஊசி போடணும்."

"கொண்டு போயிருங்க" என்றாள் பிரேமலதா. "அவுக திரும்பி வாரதுக்குள்ள."

ஆறுமுகத்தாய் சேலையோடு பூனையையும் குட்டியையும் வாரி எடுத்துக்கொண்டு நடுக்கதவைத் தாண்டினாள். முதுகு நெருப்பாக எரிந்தது. பிரேமலதாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து, பார்க்காமலே போனாள்.

விளக்கு போடும் நேரம். மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அட்டைப்பெட்டிக்குள் சொக்கி கண்ணை மூடிக் கிடக்க, குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தது. ஆறுமுகத்தாய் காதில் மஞ்சள் வைத்து, கடிபட்ட கையில் துணி சுற்றி, சுவரில் சாய முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நடுக்கதவு திறந்தது.

ராஜபாண்டி நின்றான். கையில் கோழிக்கத்தி.

ஆறுமுகத்தாய் எழவில்லை. அட்டைப்பெட்டியை மெல்லத் தன் முதுகுப் பக்கம் தள்ளினாள். அவனுக்கும் தனக்கும் நடுவில் தன் உடம்பு மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொண்டாள்.

"இத விட்டுட்டு வந்துட்டிய" என்றான்.

"கீழ வை."

அவன் குனிந்து வைத்தான். கைப்பிடி அவள் பக்கமாக, கூர் தன் பக்கமாக.

"கைக்கு எட்டுற தூரத்துலதான கெடந்துச்சு. எடுத்திருக்கலாம்லா."

"கை சோலியா இருந்துச்சு."

அவன் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா, வலியா, சொல்ல முடியாது. அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பெட்டிக்குள் பார்த்தான். "ஒண்ணுதான் தங்கிச்சோ?"

"ஒண்ணுதான்."

"மத்தத ரயில்வே சுவரோரம் புதைச்சிட்டேன். மழையில மண்ணு இளகித்தான் கெடந்துச்சு." அவன் நகக்கண்ணில் இன்னும் சேறு இருந்தது. "அதுக்காக நான் உங்கள மன்னிச்சிட்டேன்னு நினைச்சிராதிய மதினி. எம்புள்ளைக்கு ஆறு வயசு ஆயிருக்கும்."

"எம்புருஷனுக்கு அறுபது ஆயிருக்கும்" என்றாள் அவள். "நானும் மன்னிக்கல."

அவன் தலையாட்டினான். கணக்கு சரி என்பது போல இல்லை. ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்டாயிற்று என்பது போல. கதவின் கொக்கியில் வாய் திறந்து தொங்கிய பூட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"பூட்டணுமா?"

"நஞ்சு ஒண்ணு இன்னும் விழல. அது வரைக்கும் பூட்டக் கூடாது."

"விழுந்தப்புறம்?"

பெட்டிக்குள் குட்டி முலையைத் தவறவிட்டுக் கத்தியது. அவள் திரும்பி அதைத் தாயின் பக்கம் நகர்த்திவிட்டாள். அவன் பூட்டிலிருந்து கையை எடுத்தான். பிறகு தன் விரல் விழுந்த வாசற்படியில் காலை வைக்காமல் தாண்டி, தன் வீட்டுக்குள் போய், கதவைத் தன் பக்கமாக இழுத்துச் சாத்தினான். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கவில்லை.